திரை இருண்டால் கணினி கெட்டதென்று அர்த்தமா?

கணினி விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர்கள் நம்மிடையே பலர் உண்டு. "படிக்க வாங்கிக் கொடுத்த பொட்டியில விளையாடி விளையாடியே கெடுத்துப்புட்டான்" என்று தந்தை குறைபடுவார். "நான் ஒன்னுமே செய்யலப்பா. விளையாடிக்கிட்டு இருக்கும்போதே தானா திரை கறுத்துப் போச்சு" என்று பிள்ளை கண் கலங்குவான். இருவருமே பொய் சொல்லவில்லை. அப்படியானால் இந்த வழக்கில் குற்றவாளி யார்? விளையாட்டா? கணினியா? அல்லது இருவர் கண்ணுக்கும் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவரா?

பல வேளைகளில் அந்த மூன்றாவது ஆள்தான். அவருக்குப் பெயர் 'கிராஃபிக்ஸ் டிரைவர்'. இவரைப் பற்றித் தெரியாததால் நம்மவர்கள் பலர் கணினியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கடைக்கு ஓடுகிறார்கள். "கார்டு போச்சு, மாத்தணும்" என்று கடைக்காரர் சொன்னால் மறுபேச்சின்றிப் பல நூறு வெள்ளியை எண்ணி வைக்கிறார்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. விளையாட்டுக்கு ஏற்ற மடிக்கணினி ஒன்றின் விலையோ அதைவிடக் கூடுதல். கூட்டுப் பணம் எடுத்தோ தவணையிலோ வாங்கிய பொருள் அது. அண்ணன் அதில் விளையாடுவான். தங்கை அதில்தான் பள்ளிப்பாடம் செய்வாள். ஆகவே, காசு செலவில்லாமல் தீரக்கூடிய கோளாறு எது, காசு கேட்கும் கோளாறு எது என்று பிரித்தறியத் தெரிவது ஒவ்வொரு வீட்டுக்கும் அவசியமல்லவா?

பால் குறைந்துவிட்டது என்பதற்காக நாம் ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. கத்தி மழுங்கியதா, பட்டை காய்ந்ததா, மழையா வெயிலா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கணினிக்கும் அதே முறைதான்.

டிரைவர் என்பவர் யார்?

டிரைவர் என்றதும் லோரி ஓட்டுபவரை நினைக்க வேண்டாம். இவர் கணினிக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர். அந்நாளில் தோட்டத்துத் துரை ஆங்கிலத்தில் உத்தரவு போடுவார். பெரட்டுக்களத்தில் நிற்கும் பாட்டாளிகளுக்கு அது புரியாது. நடுவில் நின்று, எந்த நிரையில் யார் வேலை செய்ய வேண்டும் என்று தமிழில் எடுத்துச் சொன்னவர் தண்டல். தண்டல் தவறாகச் சொன்னால் வேலை தவறாகத்தான் நடக்கும். அதற்காகத் துரையையும் குறை சொல்ல முடியாது, பாட்டாளியையும் குறை சொல்ல முடியாது.

விளையாட்டு மென்பொருள்தான் இங்கே துரை. 'இந்த இடத்தில் மரம் வரை, அங்கே வெளிச்சம் போடு' என்று அது உத்தரவிடும். படத்தைத் தீட்டும் கிராஃபிக்ஸ் சில்லுதான் பாட்டாளி. இடையில் நிற்கும் தண்டலே டிரைவர். அது ஒரு மென்பொருள். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பாகமன்று. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்களே பெரும்பாலான கணினிகளின் கிராஃபிக்ஸ் சில்லுகளைத் தயாரிக்கின்றன. அவற்றுக்கான டிரைவர்களையும் அவையே இலவசமாக வழங்குகின்றன.

அந்தப் பாட்டாளியின் உழைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று பரவலாக உள்ள திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் 20 இலட்சத்துக்கும் அதிகம். படம் தடங்கலின்றி ஓட, வினாடிக்கு 60 தடவை இத்தனை புள்ளிகளையும் புதிதாகத் தீட்ட வேண்டும். அதாவது வினாடிக்கு 12 கோடிக்கும் மேல்! இத்தனை வேகத்தில் உத்தரவுகள் பறக்கும்போது, மொழிபெயர்ப்பில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் படம் சிதறத்தானே செய்யும்?

வேலை நின்றுபோனால் விண்டோஸ் சும்மா இருப்பதில்லை. 'விஸ்டா' காலத்திலிருந்தே அதில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கிராஃபிக்ஸ் சில்லு ஏறத்தாழ 2 வினாடிகளுக்குப் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் அந்த டிரைவரை நிறுத்தி மீண்டும் எழுப்பிவிடும். அந்த நேரத்தில்தான் திரை கறுத்துப் பிறகு வெளிச்சம் வருகிறது, விளையாட்டோ மூடிக்கொள்கிறது. பிள்ளை 'தானா கறுத்துப் போச்சு' என்று சொன்னது இதைத்தான்.

இணையக் கோளாறா? படக் கோளாறா?

நம் இளைஞர்கள் பலர் ஆடும் 'டோட்டா 2' விளையாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2013இல் முறையாக வெளியிட்ட இலவச விளையாட்டு இது. ஐவருக்கு எதிராக ஐவர், இணையத்தின் வழி மோதுவார்கள். அதே 2013ஆம் ஆண்டில் சியாட்டல் நகரில் நடந்த அனைத்துலகப் போட்டியில் 'ஆரஞ்சு' என்ற மலேசியக் குழு மூன்றாம் இடம் பிடித்தது. 2018 நவம்பரில் இவ்விளையாட்டின் பெரும் போட்டி ஒன்று கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. 2019இல் பிலிப்பீன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே வழங்கப்பட்டது.

இணைய விளையாட்டில் தடங்கல் வந்தால் எல்லாவற்றையும் 'லேக்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவது வழக்கம். அதில் இரண்டு வேறு நோய்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று இணைய இணைப்பின் நோய்; மற்றது படத்தின் நோய்.

விளையாட்டின் அமைப்புகளுக்குள் சென்றால், இரண்டு எண்களைத் திரையோரத்தில் காட்டும்படி செய்யலாம். 'பிங்' என்பது, நம் கணினி அனுப்பும் செய்தி விளையாட்டு நடக்கும் இடத்துக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். 'எப்பிஎஸ்' என்பது, வினாடிக்கு எத்தனை படம் தீட்டப்படுகிறது என்ற கணக்கு. பிங் 50க்குள் இருந்தால் இணைப்பு நலம். 200ஐத் தாண்டினால் ஆட்டம் தடுமாறும். எப்பிஎஸ் 60ஐ ஒட்டி இருந்தால் படம் நலம். 30க்குக் கீழே இறங்கினால் விட்டுவிட்டு ஓடும்.

நாயகன் இரண்டடி நடந்து திடீரென்று பின்னால் இழுக்கப்பட்டால், பிங் எண்ணும் ஏறியிருந்தால், அது இணைப்புக் கோளாறு. டிரைவரை மாற்றிப் பயனில்லை. இணைய நிறுவனத்தை அழைக்க வேண்டும். பிங் நன்றாக இருந்தும் படம் விக்கி விக்கி ஓடினால், நிறங்கள் சிதறினால், திரை கறுத்தால், அது படக் கோளாறு. இந்த ஒரு சோதனையே பாதி அலைச்சலைக் குறைத்துவிடும்.

திரை சொல்லும் அடையாளங்கள்

வைத்தியர் நாக்கையும் கண்ணையும் பார்ப்பதுபோல், நாம் திரையைப் பார்க்க வேண்டும்.

திரை கறுத்த பிறகும் ஒலி மட்டும் கேட்டால், கணினி உயிரோடுதான் இருக்கிறது. டிரைவர் மயங்கியிருக்கலாம். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டிரைவர் புதிதாகத் தொடங்கும். பல தடவை படம் திரும்பி வந்துவிடும்.

எழுத்துகள் எல்லாம் திடீரென்று பெரிதாகி, படம் மங்கலாகத் தெரிந்தால், சரியான டிரைவர் இல்லாமல் போயிருக்கலாம். விண்டோஸ் தன்னிடமுள்ள பொதுவான டிரைவரை வைத்துச் சமாளிக்கும் நிலை அது. திரையில் படம் தெரியும், விளையாட்டு ஓடாது.

விளையாட்டைத் திறக்கும்போதே 'டைரக்ட்எக்ஸ்' அல்லது 'வல்கன்' என்ற சொல்லோடு பிழைச் செய்தி வந்தால், டிரைவர் பழையதாக இருக்கலாம். அல்லது சில்லே அந்த விளையாட்டுக்குப் போதாததாக இருக்கலாம். 2023இல் 'கவுண்டர் ஸ்டிரைக் 2' வெளிவந்தபோது, டைரக்ட்எக்ஸ் 9 மட்டுமே தெரிந்த பழைய சில்லுகளுக்கு அதில் இடமில்லை என்று வால்வ் அறிவித்தது. அதற்கு முந்திய பதிப்பை ஓட்டிய எத்தனையோ பழைய கணினிகளில் புதியது ஓடவில்லை. இங்கே எந்த டிரைவரும் கைகொடுக்காது.

வண்ணக் கட்டங்களும் கோடுகளும் திரையெங்கும் தெறித்தால் கூர்ந்து கவனியுங்கள். கணினியை அணைத்து மறுபடியும் போடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்னால், தயாரிப்பாளரின் சின்னம் மட்டும் தெரியும் அந்தச் சில வினாடிகளிலேயே கட்டங்கள் தெரிகின்றனவா? அப்போது விண்டோஸ் டிரைவர் வேலைக்கே வந்திருக்காது. ஆகவே பழி டிரைவர் மேல் இல்லை. கார்டோ, கம்பியோ, திரையோ பழுதாகியிருக்கிறது. சின்னம் சுத்தமாகத் தெரிந்து, விளையாட்டில் மட்டும் சிதறினால், டிரைவருக்கோ சூட்டுக்கோ வைத்தியம் பார்க்கலாம். கடைக்குப் போகும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

ஒரு பழைய பள்ளிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்று குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நான்கை ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

முதலாவது: கோளாறு என்று தொடங்கியது? அதற்கு முதல் நாள் என்ன மாறியது? விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டதா? விளையாட்டா? டிரைவரா? விண்டோஸ் சில வேளைகளில் நம்மைக் கேட்காமலேயே டிரைவரை மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது: ஸ்டார்ட் பொத்தானின் மேல் மௌசின் வலப்பக்கத்தை அழுத்தி, 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறவுங்கள். அதில் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்ற வரியை விரித்தால் உங்கள் சில்லின் பெயர் தெரியும். அதைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் கோளாறு என்று பொருள். 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால் சரியான டிரைவர் இல்லை என்று பொருள்.

மூன்றாவது: பல மடிக்கணினிகளில் இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் இருக்கும். ஒன்று மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும் எளியது, மற்றது வலுவானது. விளையாட்டு எளிய சில்லில் ஓடினால் எப்பிஎஸ் படுத்துவிடும். விண்டோஸ் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்பிளே', 'கிராஃபிக்ஸ்' என்று வரிசையாகச் சென்று, விளையாட்டின் பெயரைத் தேர்ந்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்பதை வையுங்கள். மேசைக் கணினியானால், திரையின் கம்பி கிராஃபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பின்னால் எட்டிப் பாருங்கள். தாய்ப்பலகையில் செருகினால், காசு கொடுத்து வாங்கிய கார்டு பெரும்பாலும் சும்மாவே கிடக்கும்!

நான்காவது: விளையாட்டின் கோப்புகளே பழுதாகியிருக்கலாம். டோட்டா 2 வரும் 'ஸ்டீம்' மென்பொருளில் விளையாட்டின் பெயர்மேல் வலப்பக்கம் அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', பிறகு 'இன்ஸ்டால்ட் ஃபைல்ஸ்' என்று போனால் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. பழுதானதை மட்டும் அது மறுபடி இறக்கிக்கொள்ளும். விளையாட்டு டைரக்ட்எக்ஸ் 11, வல்கன் என்று இரு வழிகளில் படம் தீட்ட வல்லது. ஒன்றில் தடுமாறினால் மற்றதற்கு மாற்றிப் பாருங்கள்.

ஐந்தாவது: இப்போதுதான் டிரைவரைத் தொட வேண்டும். புதிய டிரைவர் வந்த மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால், பழையதற்குத் திரும்புங்கள். டிவைஸ் மேனேஜரில் சில்லின் பெயரை இருமுறை அழுத்தி, 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்தினால் போதும். மாறாக, டிரைவர் பல மாதங்கள் பழையதாக இருந்தால், சில்லைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்திலிருந்து புதியதை இறக்குங்கள். மடிக்கணினியானால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தையும் பாருங்கள்.

ஆறாவது: அதற்கும் மசியாவிட்டால் பழைய டிரைவரை வேரோடு களைய வேண்டும். லாலானைப் போல, வேர் கிடந்தால் மறுபடி முளைக்கும்! இதற்கென்றே 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதையும் புதிய டிரைவரையும் முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டு, விண்டோசில் ஒரு 'ரிஸ்டோர் பாயிண்ட்' உண்டாக்கிக்கொள்ளுங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இல்லையேல் விண்டோஸ் இடையில் புகுந்து தன் டிரைவரைப் போட்டுவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் கணினியைப் 'சேஃப் மோட்' என்ற பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுசெல்லும் வழி கிடைக்கும். அந்நிலையில் பழையதை அழித்து, மறுபடி தொடங்கிப் புதியதைப் போடுங்கள். சில மடிக்கணினிகள் அந்த நேரத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து முன்பே எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டிரைவரை மாற்றிய பிறகு முதல் ஓரிரு ஆட்டங்களில் படம் சற்று விக்கினால் பயப்பட வேண்டாம். ஒளி, நிழல் ஆகியவற்றுக்கான கட்டளைகளைப் புதிய டிரைவர் புதிதாகத் தயாரித்துச் சேமித்துக்கொள்கிறது. பிறகு சீராகிவிடும்.

நம் ஊர் வெயிலும் தூசியும்

டிரைவர் நன்றாக இருந்தும் அரை மணி நேரம் ஆடிய பிறகே கோளாறு வருகிறதா? அப்படியானால் சூட்டைச் சந்தேகியுங்கள். குளிர் நாட்டில் இருக்கும் கணினியைவிட நம் ஊர்க் கணினிக்குக் கஷ்டம் அதிகம். தகரக் கூரை வீட்டில் நண்பகலில் மனிதனே தவிக்கும்போது, கணினி என்ன செய்யும்? மடிக்கணினியை மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஆடினால் அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபடும். கெட்டியான மேசையில் வையுங்கள். மாதம் ஒரு தடவை, கணினியை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு, காற்றுத்துளைகளில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுவதும் நல்ல பழக்கம். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில், 'டாஸ்க் மேனேஜர்' தரும் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்திலேயே அதன் வெப்ப அளவைக் காணலாம்.

பெரிய நிறுவனங்களுக்கும் அடி சறுக்கும்

'புதியது வந்துவிட்டது, உடனே போடு' என்று அவசரப்படும் இளைஞர்களுக்கு மூன்று உண்மைச் சம்பவங்கள்.

விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வந்த 2007ஆம் ஆண்டில் கணினிகள் அடிக்கடி செயலிழந்தன. மக்கள் மைக்ரோசாப்டைத் திட்டித் தீர்த்தார்கள். மறு ஆண்டில், அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் வெளிவந்த ஆவணங்கள் வேறு கதை சொல்லின. பதிவான செயலிழப்புகளில் 28.8 விழுக்காடு என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை! புதிய விண்டோசுக்கு ஏற்ற தண்டல் அப்போது தயாராகவில்லை.

2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவரில், கார்டின் விசிறியைக் கட்டுப்படுத்துவதில் பிழை இருந்தது. விசிறி சரியாகச் சுழலாமல் கார்டு சூடேறக்கூடும் என்ற நிலை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை நடத்தும் பிளிசார்டு நிறுவனம் தன் ஆட்டக்காரர்களை எச்சரித்தது. என்விடியா அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய பதிப்புக்குத் திரும்புமாறு கூறியது.

2023 அக்டோபரில் நடந்தது இன்னும் விசித்திரம். ஏஎம்டி தன் டிரைவரில் 'ஆன்டி-லேக் பிளஸ்' என்ற வசதியைக் கவுண்டர் ஸ்டிரைக் 2 விளையாட்டுக்கும் திறந்துவிட்டது. ஆட்டக்காரரின் கை அசைவுக்கும் திரையின் அசைவுக்கும் இடையிலுள்ள தாமதத்தைக் குறைக்கவே அந்த ஏற்பாடு. ஆனால் அது விளையாட்டின் உள்கட்டளைகளிலேயே கை வைத்தது. வால்வ் நிறுவனத்தின் மோசடித் தடுப்பு முறைக்கு, அது ஏமாற்று வேலையாகவே தெரிந்தது. ஒரு தப்பும் செய்யாத ஆட்டக்காரர்களுக்குத் தடை விழுந்தது! அந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள் என்று வால்வ் பகிரங்கமாக எச்சரித்தது. ஏஎம்டி அந்த டிரைவரை மீட்டுக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களின் தடையைப் பின்னர் வால்வ் நீக்கியது.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? கணினி நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் புதிய டிரைவருக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். மற்றவர்கள் போட்டுப் பார்த்து நன்று என்ற பிறகு போடலாம். நன்றாக ஓடும் டிரைவரின் எண்ணைப் புத்தகத்தில் குறித்து வைப்பதும் மறவாதீர்கள். திரும்ப வேண்டிய நாளில் வழிகாட்டும்.

காசு பறிக்கும் கைகள்

'உங்கள் கணினியில் 27 டிரைவர்கள் பழுது! உடனே சரிசெய்ய இங்கே அழுத்தவும்' என்று பளிச்சிடும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை நம்பாதீர்கள். இணையப் பக்கம் ஒன்றால் உங்கள் கணினியின் டிரைவர்களை அப்படி எண்ணிப் பார்க்க இயலாது. அழுத்தினால் பணம் கேட்கும். அல்லது கெட்ட மென்பொருள் ஒன்றைப் புகுத்திவிடும். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்றின் டிரைவர்களுக்கும் காசு கிடையாது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

'நாங்கள் மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியை எங்களிடம் திறந்து விடுங்கள்' என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால், மறுவார்த்தை பேசாமல் வைத்துவிடுங்கள். தவறி வங்கி விவரங்களைக் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள். உடனே வங்கியை அழையுங்கள். 997 என்ற எண்ணில் தேசிய மோசடி உதவி மையத்தையும் அழையுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை மீட்பது கடினமாகும்.

கடைக்கு எப்போது போவது?

மேலே சொன்ன அத்தனையும் செய்தும் குணமாகவில்லையா? விண்டோஸ் வருமுன்னரே திரையில் கட்டங்கள் தெரிகின்றனவா? விசிறி சுழலவே இல்லையா? கருகிய வாடை வருகிறதா? அப்போது தயங்காமல் கடைக்குக் கொண்டு போங்கள். கருகிய வாடை வந்த கணினியை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் வாங்கிய கடைக்கே போங்கள். பெட்டியைத் திருகாணி கழற்றித் திறக்காதீர்கள்.

போகும்போது அந்தக் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். "அண்ணே, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே கோடு தெரியுது. டிரைவர சுத்தமா எடுத்துட்டுப் புதுசு போட்டும் பார்த்தாச்சு" என்று உங்கள் பிள்ளை சொல்லட்டும். விஷயம் தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும். நேர்மையான கடைக்காரருக்கு வேலை எளிதாகும். மற்றவருக்கு ஏமாற்றுவது கடினமாகும். என்ன பழுது, எவ்வளவு செலவு என்று எழுதி வாங்கிய பிறகே சம்மதம் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

அளவுக்கு மீறி விளையாடும் பிள்ளையைக் கண்டிக்க வேண்டியது நம் கடமை. பாடமும் தூக்கமும் கெடும் அளவுக்கு ஆட்டம் வேண்டவே வேண்டாம். ஆனால் திரை கறுத்ததற்காக, செய்யாத குற்றத்தைச் சுமத்திக் கண்டிப்பது நியாயமாகாது. "கெடுத்துட்டியா?" என்று கேட்பதற்குப் பதில், "வா தம்பி, எங்க கோளாறுன்னு ரெண்டு பேருமா பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பொறுமையாகப் பார்ப்பது, ஒவ்வொன்றாகச் சோதிப்பது, குறித்து வைப்பது இவையெல்லாம் தோட்ட வேலையில் உங்களுக்குப் பழகிப்போனவையே. அவற்றைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அவன் கணினியை உங்களுக்குக் காட்டுவான்.

இப்படிப் பழகும் பிள்ளை கைத்தொழில் ஒன்றின் முதல் பாடத்தையும் படிக்கிறான். கணினி பழுதுபார்த்தல் இன்று பிழைப்புக்கு உதவும் தொழில். அதற்கு எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வாய்ப்பும் நம் நாட்டில் இருக்கிறது. தேர்வில் பெரிய மதிப்பெண் எடுக்காத பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. விளையாட்டில் வந்த கோளாற்றைத் தீர்க்கப் பழகியவன், நாளை தாமானில் உள்ள பத்து வீட்டுக் கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கக்கூடும்.

ஆகவே அடுத்த தடவை திரை இருண்டால் பதற வேண்டாம், திட்ட வேண்டாம், பணப்பையையும் உடனே திறக்க வேண்டாம். நான்கு விசைகளை அழுத்துங்கள். பிங், எப்பிஎஸ் இரண்டையும் பாருங்கள். சின்னம் தெரியும் நேரத்தைக் கவனியுங்கள். தண்டல் தப்பாகச் சொன்ன உத்தரவுக்குப் பாட்டாளியை வேலையிலிருந்து நிறுத்தலாமா? நீங்களே சொல்லுங்கள்!